பூஞ்சையை எங்கே தேடுவது?

கேள்வி: மருந்துக்குக் கட்டுப்படாத பூஞ்சை மருத்துவமனைகளில் பரவுவதாகப் படித்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் சுவர், தரை, காற்று ஆகியவற்றை மாதந்தோறும் சோதித்து வந்தால் இதைத் தடுத்துவிட முடியாதா?
– வாசகி, ஈரோடு

பதில்: அதனால் மட்டும் முடியாது. எந்தப் பூஞ்சை என்பதைப் பொறுத்துத் தேட வேண்டிய இடமும் மாறும்.

நீங்கள் படித்தது அநேகமாக கேண்டிடா ஆரிஸ் பற்றியதாக இருக்கும். ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுக்கப்பட்டு 2009-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இது, பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் ஃப்ளூகோனசோல் என்ற மருந்துக்குப் பெரும்பாலும் மசிவதில்லை. நோய்க்குறி ஏதும் இல்லாதவரின் தோலிலும் தங்கியிருக்கும். பொருள்களின் மேல் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவைச் சுற்றி 2015 முதல் 2017 வரை 70 பேரிடம் இது காணப்பட்டது. பொதுவான சுற்றுப்புற மாதிரிகளில் அரிதாகவே அகப்பட்ட பூஞ்சை, அக்குளில் வைத்து வெப்பநிலை பார்க்கும் உணர்கருவிகளில் இருந்தது. ஒருவருக்கு வைத்ததை எடுத்து அடுத்தவருக்கும் வைத்திருந்தார்கள். மற்ற கட்டுப்பாடுகளுக்கெல்லாம் அடங்காத பரவல், அக்கருவிகளை அகற்றிய பிறகே தணிந்தது. சுவரை மட்டும் சோதித்து 'சுத்தம்' என்று சான்றிதழ் மாட்டியிருந்தால் அதற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

ஆகவே இங்கே கண்காணிப்பு என்பது முதலில் நோயாளிகளின் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பது. பிறகு பலருக்கும் பயன்படும் கருவிகளைச் சோதிப்பது. மாதிரியை உப்பு மிகுந்த வளர்ப்புக் கரைசலில் 40 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால் மற்றப் பல ஈஸ்ட்டுகள் பின்தங்க, இது வளர்ந்துவிடும். ஆய்வகத்தின் பழைய அடையாளமுறைகள் இதை வேறொரு கேண்டிடா இனமாகக் காட்டிவிடுவதுண்டு என்பதால், நுண்ணுயிரை அதன் புரதங்களைக் கொண்டு அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவியோ மரபணுச் சோதனையோ தேவைப்படும்.

காற்றைச் சோதிப்பது பொருள்படுவது காற்றில் வித்துகளாகப் பரவும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் விஷயத்தில்தான். அதுவும் ரத்தப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு அருகே கட்டட வேலை நடந்து தூசி எழும்போது. வயல்களில் தெளிக்கும் அசோல் வகைப் பூஞ்சைக்கொல்லிகளால் எதிர்ப்புத்திறன் பெற்ற வித்துகள் காற்றில் வருவதால், அதே அசோல் வகையைச் சேர்ந்த மருந்தை ஒருபோதும் உட்கொள்ளாதவருக்கும் மருந்துக்கு அடங்காத தொற்று ஏற்படலாம். இதைக் கண்டறிய நான்கு குழிகள் கொண்ட தட்டு ஒன்று உண்டு: மூன்றில் வெவ்வேறு அசோல் மருந்து கலந்த அகார் (பூஞ்சையை வளர்க்கும் கூழ்), நான்காவதில் மருந்தில்லாத அகார். மருந்துள்ள குழியிலும் பூஞ்சை வளர்ந்தால், அந்த மாதிரி விரிவான சோதனைக்குப் போகும்.