எம்.எஸ். களைப்பு: "சும்மா இருந்தும் ஏன் இப்படி அசந்து போகிறேன்?"

மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் களைப்பைப் பற்றியவை. கை மரத்துப்போவதையும் பார்வை மங்குவதையும் வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள், களைப்பை மட்டும் நம்ப மறுக்கிறார்கள் என்ற வருத்தம் பல கடிதங்களில் இருந்தது. அதனால் இந்த முறை களைப்புக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

எம்.எஸ். வந்து நான்கு வருடம் ஆகிறது. பல் தேய்த்து முடிப்பதற்குள் ஒரு நாள் வேலை பார்த்தது போல் ஆகிவிடுகிறது. "படுத்தே கிடந்தால் அசதி வரத்தான் செய்யும்" என்கிறார் மாமியார். இது நோயா, என் சோம்பலா? (வாசகி, மதுரை)

நோய்தான் அம்மா. எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு இந்தக் களைப்பு உண்டு. தங்களை அதிகம் முடக்குவது இதுதான் என்று சொல்பவர்களும் ஏராளம்.

காய்ச்சல் வந்த நாளை நினைத்துப் பாருங்கள். சாப்பாடு பிடிக்காது, பேசப் பிடிக்காது, படுத்தால் போதும் என்றிருக்கும். அப்படிப் படுக்க வைப்பது கிருமி அல்ல. எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் என்னும் ரசாயனத் தூதுகளைச் சுரக்கின்றன. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆகியவை அவற்றில் முக்கியமானவை. அந்தத் தூது மூளைக்குப் போனதும், "அசையாதே, ஓய்வெடு" என்று மூளை உடம்புக்குக் கட்டளையிடுகிறது. காய்ச்சலில் அது நல்லது, நாலு நாளில் அடங்கியும் விடும். எம்.எஸ்.ஸில் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை எதிர்ப்பு அணுக்களே தாக்குவதால் அழற்சி மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உள்ளேயே நடக்கிறது. ஓய்வெடுக்கச் சொல்லும் கட்டளையும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது.

நீடித்த அழற்சி டோபமைன் உற்பத்தியையும் குறைக்கிறது. ஒரு வேலையைத் தொடங்கலாம், முடித்துவிடலாம் என்ற உந்துதலைத் தருவது அந்த டோபமைன்தான். போதாததற்கு, உறை இழந்த நரம்புகளில் செய்தி தடுமாறிப் போவதால், மற்றவர்கள் சாதாரணமாகச் செய்யும் வேலைக்கே உங்கள் மூளை கூடுதலான பகுதிகளை வேலைக்கு அழைக்கிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதும் அது உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்தப் பதிலை மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்குக் காய்ச்சல் வந்த அனுபவம் இருக்கும், புரிந்துகொள்வார்.

அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எல்லாம் நார்மல். எம்.ஆர்.ஐ.யிலும் புதிய தழும்பு இல்லை. அப்படியானால் அழற்சி எங்கே இருக்கிறது? (வாசகர், கோவை)

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் சுரந்து ரத்தத்தில் விடும் புரதம். எம்.எஸ். அழற்சியோ பெரும்பாலும் மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. ரத்தப் பரிசோதனைக்கு அது எட்டாது. எம்.ஆர்.ஐ.யில் ஊசி போட்டு எடுக்கும்போது ஒளிர்வது அந்தச் சுவர் கசியும் இடம் மட்டுமே. பழைய தழும்புகளின் ஓரத்திலும் மூளையின் மேல்சவ்விலும் சாம்பலுக்குள் கனல் போல அழற்சி தொடரலாம். வழக்கமான ஸ்கேன் அதைக் காட்டாது.

தழும்புகளின் எண்ணிக்கைக்கும் களைப்பின் அளவுக்கும் நேர்க்கணக்கும் கிடையாது. அதனால் படத்தை மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. களைப்பை நோயாளியிடம் கேட்டுத்தான் அளக்க வேண்டும். அதற்கென்றே 1989-இல் உருவான, ஒன்பது வாக்கியங்கள் கொண்ட கேள்வித்தாள் இன்றும் புழக்கத்தில் உள்ளது. நீங்கள் நிரப்புவதற்கு அதைத் தரச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கத்தரி வெயிலில் கால் துவண்டு, கண் மங்கி, சுருண்டு விடுகிறேன். நோய் முற்றுகிறதா? (வாசகி, வேலூர்)

இல்லை. 1890-இல் வில்ஹெல்ம் ஊத்தாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இதை முதலில் எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயரில்தான் இது வழங்குகிறது. உடம்பின் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே உறை தேய்ந்த நரம்பில் மின்னோட்டம் தடைபடும். இது புதிய அழற்சி அல்ல, உடம்பு குளிர்ந்ததும் சரியாகிவிடும். வெளிவேலைகளைக் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள், குளிர்ந்த நீர் அருந்துங்கள்.

ஆனால் புதிய தொல்லை ஒன்று 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அவையும் இதே வேடம் போடும்.

ஸ்டீராய்டு டிரிப் ஏற்றிய வாரம் புது மனிதனாக இருந்தேன். மாதம் ஒருமுறை போட்டுக்கொள்ளலாமா? (வாசகர், திருச்சி)

களைப்புக்காக வேண்டாம். அது நோய் திடீரென்று மூண்டெழும்போது தருகிற மருந்து. அந்தத் தெம்பில் ஒரு பகுதி ஸ்டீராய்டே தருகிற கிளர்ச்சி. அடிக்கடி ஏற்றினால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும்.

இன்டர்ஃபெரான் ஊசி போட்ட மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. நிறுத்திவிடலாமா? (வாசகி, டொராண்டோ)

நீங்களாக நிறுத்தாதீர்கள். எம்.எஸ்.ஸைக் கட்டுப்படுத்தத் தருகிற இன்டர்ஃபெரானும் ஒரு சைட்டோகைன்தான். முன்பு கல்லீரல் அழற்சி சி-க்கு (ஹெபடைட்டிஸ் சி) ஆல்ஃபா வகை இன்டர்ஃபெரான் கொடுத்தபோது, எம்.எஸ். இல்லாத பலரும் கடும் அசதியிலும் மனச்சோர்விலும் விழுந்தார்கள். அழற்சித் தூதுகள் களைப்பை உண்டாக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. மருத்துவரின் யோசனையோடு ஊசியை இரவில் போட்டு, கூடவே பாராசிட்டமால் எடுத்தால் பலருக்குத் தாங்குகிறது. தாங்காவிட்டால் வேறு மருந்துகள் இருக்கின்றன.

களைப்புக்கு மாத்திரையே கிடையாதா? மஞ்சள் பால் குடித்தால் அழற்சி அடங்கும் என்கிறார்களே? (வாசகர், சென்னை)

அமன்டடின், மோடஃபினில், மெத்தில்ஃபெனிடேட் மூன்றையும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. 141 பேர் நான்கையும் மாறி மாறி எடுத்தார்கள். மூன்றில் எதுவும் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. ஆகவே மாத்திரையிலிருந்து நான் தொடங்குவதில்லை.

முதலில் வேறு காரணங்களைத் தேடுவேன். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பார்ப்பேன். குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் உண்டா, சிறுநீர் கழிக்க இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்பேன். தசை இறுக்கத்துக்குத் தருகிற பேக்லோஃபென் கூட ஆளை அசத்தும். எல்லாப் பழியையும் எம்.எஸ். மேல் போட்டுவிட்டு, சுலபமாகத் தீர்க்கக்கூடிய ரத்தசோகையைக் கவனிக்காமல் விடுவது பெரிய தவறு.

அடுத்தது, உடற்பயிற்சி. அசந்து கிடப்பவரிடம் நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும், ஆனால் களைப்பைக் குறைப்பதாகச் சோதனைகளில் தெரிந்த வழிகளில் அதுவும் ஒன்று. முதல் வாரம் பத்து நிமிடம் போதும், வெயிலுக்கு முன். எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் மனநல ஆலோசனையும் பலருக்கு உதவியிருக்கிறது. களைப்பு மனப்பிரமை என்பதல்ல இதற்கு அர்த்தம், இருக்கிற தெம்பை எங்கே எப்படிச் செலவழிப்பது என்று அதில் கற்றுக்கொள்கிறீர்கள்.

மஞ்சள் பாலை உணவாகக் குடியுங்கள், தடையில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் சோதனைக்கூடத்தில் அழற்சியைத் தணிப்பது உண்மை. அது எம்.எஸ். களைப்பைப் போக்கும் என்று நோயாளிகளிடம் நிரூபணமாகவில்லை. மாத்திரை வடிவில் எடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

மனைவிக்கு எம்.எஸ். நான் என்ன செய்யட்டும்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பலருக்கும் பிற்பகலில்தான் களைப்பு உச்சத்துக்குப் போகும். அவருக்கு எந்த நேரத்தில் அசதி கூடுகிறது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நேரத்துச் சமையலையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டும் கூட வரட்டும்.