அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 31. ஒரு நிறுவனத்தில் டேட்டா அனலிஸ்டாக இருக்கிறேன். பெரிய வெற்றி பெற்றவர்களின் மனநிலையை எனக்குள் கொண்டுவர மூன்று வருடமாக முயல்கிறேன். காலை 5 மணிக்கு எழுகிறேன். இலக்குகளை எழுதி வைக்கிறேன். கண்ணை மூடி, ஜெயித்துவிட்டதாகவே நினைத்துப் பார்க்கிறேன். பத்து நாள் நன்றாகப் போகும். ஒருநாள் தவறும், அப்புறம் எல்லாம் போச்சு. இரண்டு முறை பதவி உயர்வு கைநழுவியது. ஜூன் மாதம் மேலதிகாரிகள் முன்னால் செய்த ப்ரெசன்டேஷன் சொதப்பிவிட்டது, அந்த ஃபைலை அதன்பின் திறக்கவே இல்லை. வெற்றியாளர்களின் மனம் பிறவியிலேயே வேறு மாதிரியோ? எனக்கு அது வாய்க்கவில்லையோ?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, 5 மணி அலாரமும் இலக்கு நோட்டும்தான் கண்ணில் பட்டன. இரண்டாம் முறை, போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'அந்த ஃபைலை அதன்பின் திறக்கவே இல்லை.' உங்கள் கேள்வி முழுக்க அந்த வரிக்குள்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், உங்களை அரித்துக்கொண்டிருக்கும் 'பிறவி' சந்தேகம்.

இதைப் பல வருடம் ஆராய்ந்தவர் உளவியலாளர் கேரல் ட்வெக். 'திறமை இவ்வளவுதான், மாறாது' என்று நம்புகிறவர்கள் ஒரு சறுக்கலோடு ஒதுங்கிக்கொள்கிறார்கள், 'பழகினால் கூடும்' என்று நம்புகிறவர்கள் வேறு வழி தேடுகிறார்கள் என்று அவர் கண்டார். அந்தக் கருத்து உலகம் முழுக்கப் பரவியது. பரவிய வேகத்தில் கொஞ்சம் ஊதியும் போனது. அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சியாக இதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் சராசரி 0.1 கிரேடு புள்ளி உயர்ந்தது. சின்னப் பலன், ஆனால் உண்மையான பலன். சவாலான வேலையை மெச்சுகிற தோழர்கள் இருந்த பள்ளிகளில்தான் அது நன்றாகப் பிடித்தது. ஆக, மனநிலை மாறும். உட்கார்ந்த இடத்தில் நம்பிக்கையை மட்டும் ஊட்டிக்கொண்டால் கொஞ்சமாகத்தான் மாறும்.

கண்ணை மூடி ஜெயித்ததாக நினைத்துப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடச் சொல்வேன். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர், படிப்பு முடித்து வேலை தேடிய பட்டதாரிகளை இரண்டு வருடம் கழித்து மறுபடி விசாரித்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி கனவு கண்டவர்கள் குறைவாகவே விண்ணப்பம் போட்டிருந்தார்கள். கிடைத்த வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. மனசு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட இடத்துக்குக் கால் எதற்கு நடக்கும்? 'முயன்றால் கிடைக்கும்' என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே தேறினார்கள். எதிர்பார்ப்பு வேறு, பகல் கனவு வேறு.

'ஒருநாள் தவறினால் எல்லாம் போச்சு' என்பதும் தப்புக் கணக்கு. லண்டனில் 96 பேரை வைத்து ஃபிலிப்பா லாலி குழு செய்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கு வந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் எதுவும் இல்லை. நீங்கள் பதினோராம் நாள் தோற்கவில்லை தம்பி, பதினோராம் நாள் நிறுத்திவிட்டீர்கள்.

அந்த 5 மணி அலாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்து ஆண்டர்ஸ் எரிக்சன் குழு 1993-ல் வெளியிட்ட ஆய்வில், சிறந்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள், பகலிலும் சற்றுக் கண்ணயர்ந்தார்கள். அந்த ஆய்விலிருந்து '10,000 மணி நேரப் பயிற்சி' என்ற எண்ணை மட்டும் உலகம் பிடித்துக்கொண்டது. அந்த மணிகளுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். என் மகள் வயலின் கற்ற காலத்தில் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். எப்போதும் முதலிலிருந்து தொடங்குவாள், அழகாக வரும், ஒரு குறிப்பிட்ட இடத்தில் விரல் தடுக்கும். நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து! வந்த பகுதியே நூறு முறை வந்தது. ஒருநாள் அவளுடைய ஆசிரியர் வில்லை வாங்கி வைத்துவிட்டு, 'தடுக்கிற இடத்துக்கு முந்தின ஸ்வரத்திலிருந்து தொடங்கு, அதற்கு மேலே போகாதே' என்றார். அரை மணி நேரம் கேட்கவே சகிக்கவில்லை. அவள் கண் கலங்கிவிட்டாள். அந்த வாரம்தான் அந்த இடத்தைத் தாண்டினாள்.

பெரிய ஆட்களிடம் நான் பார்க்கிற மனநிலை இதுதான். தடுக்கிற இடத்துக்கே திரும்பிப் போகத் துணிகிறார்கள். சார்லஸ் டார்வினுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தன் முடிவுக்கு எதிரான ஒரு தகவலோ எண்ணமோ கிடைத்தால் அதை உடனே குறித்து வைத்துவிடுவார். சாதகமானவற்றைவிட அப்படிப்பட்டவைதான் சீக்கிரம் மறந்துபோகின்றன என்று அனுபவத்தில் கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய மனிதர், தன் மனம் தன்னையே ஏமாற்றும் என்று தெரிந்து, கையில் குறிப்போடு காத்திருந்தார்! நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் 2024-ல் ஒரு பட்டமளிப்பு விழாவில் ஒரு கணக்குச் சொன்னார். அவர் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் வெற்றி. ஆனால் அந்த ஆட்டங்களில் அவர் எடுத்த புள்ளிகள் 54 சதவீதம்தான். ஏறக்குறைய இரண்டில் ஒரு புள்ளியை இழந்துகொண்டேதான் அவர் ஜெயித்திருக்கிறார். போன புள்ளியை ஆட்டத்தின் நடுவே விட்டுவிட வேண்டும் என்பது அவர் சொன்னது. ஆட்டம் முடிந்தபின் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன். உங்கள் ப்ரெசன்டேஷன் முடிந்து மாதங்கள் ஆகின்றன.

ஃபைலை ஏன் திறக்க முடியவில்லை என்று எனக்குத் தெரியும். என் முதல் நீண்ட கட்டுரையை ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினார். உறையின் ஓரத்தைப் பிரித்தேன், சிவப்பு தெரிந்தது, அப்படியே அலமாரி மேல் வைத்துவிட்டேன். நான்கு மாதம் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் பிரித்தபோது மொத்தம் 11 திருத்தங்கள். அவற்றில் ஏழு ஒரே தவறு: சொன்னதையே அடுத்த வாக்கியத்தில் மறுபடி சொல்லியிருந்தேன். எழுதவே லாயக்கில்லை என்று நான்கு மாதம் நினைத்திருந்தேனே, அது ஒரு மணி நேரத்தில் சரிசெய்யக்கூடிய ஒரு பழக்கமாக இருந்தது.

இன்னொன்று, உங்கள் மேல் எல்லாப் பழியையும் போட்டுக்கொள்ளாதீர்கள். ஜேம்ஸ் டைசன் தன் வாக்குவம் கிளீனருக்கு 5,127 மாதிரிகள் செய்தார் என்று எல்லோரும் விடாமுயற்சிக்கு உதாரணம் காட்டுவார்கள். அந்த வருடங்களில் ஓவிய ஆசிரியையான அவர் மனைவியின் சம்பளமும் குடும்பத்தைத் தாங்கியது. பதவி உயர்வு நழுவியதில் உங்கள் மனநிலைக்கு எவ்வளவு பங்கு, காலி இடம் எத்தனை, யார் முடிவெடுத்தார்கள் என்பதற்கு எவ்வளவு பங்கு என்று மேனேஜரிடம் நேராகவே கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சரி, இப்போது அந்த ஃபைல். 'இந்த வாரம் பார்க்கிறேன்' என்று வைத்துக்கொண்டால் நடக்காது. நாளும் நேரமும் இடமும் குறித்துக்கொள்கிறவர்கள்தான் நினைத்ததை அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற ஆய்வாளர் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார். அதனால், நாளை மாலை வேலை முடிந்து லேப்டாப்பை மூடக் கை போகும்போது, மூடாமல் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். முதல் ஸ்லைடிலிருந்து பார்க்க வேண்டாம். எந்த ஸ்லைடில் குரல் தடுமாறியதோ அங்கே போங்கள். அங்கே உங்களிடம் யார் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள், என்ன சொல்லியிருக்கலாம் என்று மூன்று வரி எழுதுங்கள். அன்று அந்த அறையில் இருந்த ஒருவரிடம், நீங்கள் நம்பும் ஒருவரிடம், அந்த மூன்று வரியைக் காட்டி, 'எனக்குத் தெரியாமல் போனது வேறு ஏதாவது உண்டா?' என்று கேளுங்கள்.

பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. முடித்ததும் எனக்கு எழுதுங்கள், அந்த ஸ்லைடில் என்னதான் இருந்தது என்று. காத்திருக்கிறேன்.