டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதாதா?

அமெரிக்கப் பள்ளிகளில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சிறப்புக் கல்வித் தகுதியை எப்படி முடிவு செய்கிறார்கள்? அங்கே வாழும் தமிழ்ப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: ஐந்து வயது மகனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் பள்ளியில், ‘நாங்களும் சோதித்துப் பார்க்க வேண்டும்’ என்கிறார்கள். ஏன்?
– ஒரு தந்தை, டெக்சாஸ்

பதில்: டாக்டர் விடை தேடும் கேள்வி வேறு, பள்ளி விடை தேடும் கேள்வி வேறு. அறிகுறிகள் மருத்துவ வரையறைக்குப் பொருந்துகின்றனவா என்று டாக்டர் பார்க்கிறார். பள்ளியைக் கட்டுப்படுத்துவது ‘ஐடியா’ (IDEA) என்ற கூட்டாட்சிச் சிறப்புக் கல்விச் சட்டம். அதில் ஆட்டிசம் தனிப் பிரிவாகச் சேர்ந்தது 1990இல்தான். அந்தச் சட்டப்படி மூன்று விஷயங்கள் தெளிவாக வேண்டும். பேச்சிலும் சைகையிலும் பிறரோடு பழகுவதிலும் கணிசமான சிரமம் இருக்கிறதா? அது படிப்பைப் பாதிக்கிறதா? அதனால் அவனுக்கென்று தனியாக வடிவமைத்த கற்பித்தல் தேவைப்படுகிறதா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், கையில் எந்த மருத்துவமனைச் சான்று இருந்தாலும் ஐஇபி (IEP, குழந்தைக்கென்று பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டம்) கிடைக்காது.

அதற்காக டாக்டரின் அறிக்கை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். கொடுத்தால், தகுதியை முடிவு செய்யும் பள்ளிக் குழு அதைக் கட்டாயம் கருத்தில் கொள்ள வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு: கூட்டாட்சிச் சட்டம் மருத்துவச் சான்றைக் கேட்பதில்லை. நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் வரிசையில் இருப்பவர்கள் அதுவரை பள்ளியிடம் கேட்காமல் காத்திருக்க வேண்டாம். மருத்துவ மதிப்பீடு வேண்டும் என்று பள்ளியே சொன்னால், செலவு பள்ளியுடையது.

கேள்வி: டீச்சரிடம் செப்டம்பரிலேயே சொன்னேன். ஜனவரி வந்தும் ஒன்றும் நடக்கவில்லை.
– ஒரு தாய், நியூஜெர்சி

பதில்: வாய்மொழியாகச் சொன்னதைப் பள்ளி பெரும்பாலும் கோரிக்கையாகப் பதிவு செய்வதில்லை. இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், பிரின்சிபாலுக்கும் டிஸ்ட்ரிக்ட்டின் சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கும் சேர்த்து. நான்கு வரி போதும்: குழந்தையின் பெயர், வகுப்பு; கவலை என்ன; ‘சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீட்டை, குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகிக்கும் எல்லாத் துறைகளிலும் செய்யக் கோருகிறேன்’ என்ற ஒரு வாக்கியம்; தேதி. ‘முதலில் வகுப்பிலேயே சில மாதம் உதவி செய்து பார்ப்போம்’ என்று பதில் வரலாம். உதவி செய்யட்டும், ஆனால் அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று கூட்டாட்சிக் கல்வித் துறை 2011இலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுத்தில் மறுக்க வேண்டும்.

மதிப்பீட்டுக்கான சம்மதப் படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகுதான், அதை முடிப்பதற்கான கெடு ஓடத் தொடங்கும். கூட்டாட்சி விதியில் 60 நாள். மாநிலம் தனக்கென்று வேறு கெடுவும் வைத்துக்கொள்ளலாம். டெக்சாஸில் பொதுவாக 45 பள்ளி நாள்கள். உங்கள் நியூஜெர்சியில் மதிப்பீடு, தகுதி முடிவு, தகுதி இருந்தால் ஐஇபி தொடங்குவது வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து 90 நாள். படிவத்தைப் பையிலேயே வைத்திருந்து ஒரு வாரம் கழித்துக் கொடுத்தால், அந்த வாரம் உங்கள் கணக்கில்தான் போகும்.

கேள்வி: வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ‘இங்கிலீஷ் வராததால்தான் பேசாமல் இருக்கிறான், கொஞ்ச நாள் போகட்டும்’ என்கிறது பள்ளி.
– ஒரு தாய், கலிபோர்னியா

பதில்: ஆங்கிலம் போதாதது மட்டுமே காரணம் என்றால் தகுதி கிடையாது என்பது உண்மை. ஆனால் அதைக் கண்டறியத்தான் மதிப்பீடு. புதிதாக ஆங்கிலம் கற்கும் குழந்தை பள்ளியில் மௌனமாக இருந்தாலும் கையைப் பிடித்து இழுக்கும், சுட்டிக் காட்டும், மற்ற பிள்ளைகள் சிரித்தால் சேர்ந்து சிரிக்கும், வீட்டுக்கு வந்ததும் தமிழில் கொட்டித் தீர்க்கும். ஆட்டிசம் இருந்தால் சிரமம் இரண்டு மொழியிலும் தெரியும். நீங்கள் ‘அங்க பாரு, காக்கா!’ என்று விரல் நீட்டினால் காக்காயைப் பார்க்கிறானா? தனக்குப் பிடித்த காரை உங்களிடம் காட்டவென்றே எடுத்து வருகிறானா? பாட்டி வீடியோ காலில் ‘சாப்டியா கண்ணு?’ என்று கேட்டால், பதில் சொல்லாமல் ‘சாப்டியா கண்ணு’ என்றே திருப்பிச் சொல்கிறானா? இப்படிப்பட்ட தருணத்தை இரண்டு நிமிடம் படம் பிடித்து ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் கொடுங்கள். பல பக்கம் எழுதுவதைவிட அது உதவும்.

குழந்தைக்கு நன்றாக வரும் மொழியில் சோதிக்க வேண்டும் என்பதும் சட்டமே. ஆனால் ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்ப்பாளர் அங்கேயே தமிழில் சொல்லச் சொல்லி மதிப்பெண் போட்டால், அந்த எண்ணை நம்ப முடியாது. மொழி மாறினால் கேள்வியின் கடினமும் மாறிவிடும். ஒப்பிடும் சராசரியோ ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுடையது. அப்படிச் செய்திருந்தால், எண்ணை நம்பாமல் அவன் என்ன செய்தான் என்பதை விவரித்து எழுதும்படி கேளுங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. வைன்லேண்ட் என்ற அன்றாடத் திறன் படிவத்தில் குழந்தைக்கு என்ன ‘தெரியும்’ என்பது கணக்கில்லை, உதவியில்லாமல் என்ன ‘செய்கிறான்’ என்பதுதான் கணக்கு. வழக்கமாகச் செய்தால் 2, சில நேரம் என்றால் 1, இல்லையென்றால் 0. ஐந்து வயதிலும் நாம் சோறு ஊட்டிவிடுகிறோம், சட்டைப் பொத்தானும் நாமே போட்டுவிடுகிறோம். உண்மையாக 0 போடுங்கள். பக்கத்திலேயே ‘ஊட்டிவிடுவது எங்கள் வழக்கம், தனியாக விட்டுப் பார்த்ததில்லை’ என்றும் எழுதுங்கள். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் வலி தருவது. பிள்ளைக்கு ‘ஆட்டிசம்’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் எல்லாம் சரி என்று குறித்துவிடுகிறோம். டீச்சரின் படிவம் நேரெதிராக இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அறிக்கையில் ஏறும்; தகுதி மறுக்கப்படும்போது அதுவே காரணமாகிவிடக்கூடும்.

அறிக்கை வந்ததும் இதைக் கவனியுங்கள்: வைன்லேண்டில் சராசரி 100, எண் இறங்க இறங்கச் சிரமம் அதிகம். எஸ்ஆர்எஸ் என்ற சமூக நடத்தைப் படிவத்தில் சராசரி 50, அங்கே எண் ஏற ஏறத்தான் சிரமம் அதிகம்.

கேள்வி: மகள் எல்லாவற்றிலும் ‘ஏ’ வாங்குகிறாள். அதனால் தகுதியில்லை என்கிறார்கள். ஆனால் மதிய உணவுக் கூடத்தின் இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிடுகிறாள்.
– ஒரு தந்தை, இல்லினாய்

பதில்: மதிப்பெண்ணை மட்டும் வைத்து மறுப்பது தவறு. வகுப்பு தவறாமல் தேறிவரும் குழந்தையும் சிறப்புக் கல்வி பெறலாம் என்று விதியே சொல்கிறது. ஒரே ஒரு அளவுகோலை வைத்து முடிவெடுக்கவும் கூடாது. சைக்காலஜிஸ்ட் அவளை எங்கே, எத்தனை நிமிடம் கவனித்தார் என்று அறிக்கையில் தேடுங்கள். அமைதியான கணக்கு வகுப்பில் மட்டும் உட்கார்ந்து பார்த்திருந்தால், உணவுக் கூடத்திலும் விளையாட்டு நேரத்திலும் குழு வேலையிலும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை முறை வகுப்பைவிட்டு வெளியேறினாள், நர்ஸ் அறைக்கு எத்தனை முறை போனாள் என்ற பதிவுகளையும் கேளுங்கள். தனிக் கற்பித்தல் தேவையில்லை, இரைச்சலிலிருந்து விலகி உண்ண இடம் கொடுத்தால் போதும் என்ற நிலை இருந்தால் 504 பிளான் (தனிக் கற்பித்தல் இல்லாமல், இப்படிப்பட்ட வசதிகளைச் செய்து தரும் திட்டம்) பொருத்தமாக இருக்கலாம். பழகவும் உதவி கேட்கவும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தால் ஐஇபியையே கேளுங்கள்.

முடிவெடுக்கும் குழுவில் நீங்களும் ஓர் உறுப்பினர். அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். கூட்டத்துக்குச் சில நாள் முன்பே கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள். மதிப்பீடே சரியில்லை என்றால், பள்ளியின் செலவில் வெளி நிபுணரின் சுதந்திர மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அதன்பின் பள்ளிக்கு இரண்டே வழி: அந்த மதிப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரிதான் என்று நிரூபிக்கத் தாமதமில்லாமல் சட்டப்படியான விசாரணைக்குப் போக வேண்டும். ஏன் ஏற்கவில்லை என்று உங்களைக் கேட்கலாம். விளக்கம் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.