இலங்கையில் நான் எடுத்த புகைப்படத்துக்குப் பதிப்புரிமை பதிவு செய்ய எங்கே போக வேண்டும்?

எங்கேயும் போக வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படத்தை எடுத்த நொடியிலேயே உரிமை உங்களுக்கு வந்துவிடும். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வியாபாரக் குறிகளைப் பதியும்; படத்துக்கும் கவிதைக்கும் அங்கே பதிவு கிடையாது. நீங்கள் வாழும் காலமும், அதற்குப் பின் 70 ஆண்டுகளும் உரிமை நிற்கும்.

ஆனால் "இது என்னுடையது" என்று காட்ட வேண்டி வரும்போதுதான் பாடு.

திருகோணமலையில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பது என் தொழில். ஒரு தை மாதம் தேத்தண்ணிக் கடையில் வடை தின்றுகொண்டிருந்தேன். சுவரில் தொங்கிய கலண்டரில் ஒரு மான் என்னைப் பார்த்தது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் மான்களில் ஒன்று. இடது காது கிழிந்தது. அதை ஒரு விடிகாலையில் எடுத்தவன் நான். மூலையில் இருந்த என் பெயருக்கு மேல் யாரோ ஒரு கடையின் தொலைபேசி இலக்கம்.

அச்சகத்துக்குப் போனேன். "தம்பி, அது கூகிளில கிடந்தது" என்றார் முதலாளி. வீதியில் நிறுத்திய சைக்கிளும்தான் கிடக்கிறது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மடிக்கணினியைத் திறந்து மூலப் படத்தைக் காட்டினேன். முகநூலில் நான் போட்டது ஓரம் வெட்டியது. முழுப் படத்தில், மானுக்கு வலப்பக்கம், ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரையின் பாதி தெரியும். அந்தப் பாதிக் கதிரை உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தவர், பெடியனைக் கூப்பிட்டு எனக்கொரு பிளேன்டீ சொன்னார். காசும் வந்தது.

ஆகவே மூலக் கோப்பை அழிக்காதீர்கள். கவிதையென்றால் அடித்துத் திருத்திய தாளையும் வைத்திருங்கள். திகதிக்குச் சாட்சியாக, படைப்பின் பிரதியை உங்களுக்கு நீங்களே பதிவுத்தபாலில் அனுப்பி உறையைத் திறக்காமல் வைக்கச் சொல்வார்கள். நானும் ஒருமுறை செய்தேன். தபால்காரர் சிரித்ததுதான் மிச்சம்.

அப்புறம், மான் எனக்குச் சொந்தமில்லை. நாளைக்கு நீங்கள் அதே இடத்தில் நின்று அதே மானை எடுத்தால் அது உங்கள் படம். யோசனைக்குப் பாதுகாப்பு இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான். கோணமாமலை மேல் சம்பந்தர் பாடிய பதிகமோ மிகப் பழையது: அதனால் சொற்கள் எல்லாருக்கும் பொது, ஆனால் இன்றைக்கு ஒருவர் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவை எடுத்து உங்கள் வீடியோவில் போட முடியாது.

சம்பளத்துக்கு இருந்து வேலையின் பகுதியாக எடுத்ததென்றால் கதை வேறு. ஒப்பந்தத்தில் மாற்றிச் சொல்லாதவரை பொருளாதார உரிமை, அதாவது படியெடுத்து விற்கும் உரிமை, முதலாளிக்கு. அந்த உரிமை கைமாறினாலும் பெயர் போடச் சொல்லும் தார்மீக உரிமை உங்களிடமே இருக்கும். யாருக்கு எதைக் கொடுத்தாலும் எழுத்தில் கொடுங்கள், இரு தரப்பும் கையெழுத்து வைத்து. அந்த அச்சக முதலாளியோடு நான் எழுதியது ஒரு கொப்பித் தாளில், நாலே வரி: எந்தப் படம், எந்த ஆண்டுக் கலண்டர், எவ்வளவு காசு, பெயர் எங்கே வர வேண்டும். அடுத்த ஆண்டு பெயர் வந்தது, ஒரு எழுத்துப் பிழையோடு.

முகநூலில் யாராவது எடுத்துப் போட்டால் சட்டத்தரணியிடம் ஓட முதல், அங்கேயே இருக்கும் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். உங்கள் பழைய பதிவின் இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.