கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல் டி.எஸ்.பி. போடலாமா?

கேள்வி: காரோடு வந்த டச் ஸ்கிரீனைக் கழற்ற வழியில்லை, ரிவர்ஸ் கேமராவும் ஏசியும் அதற்குள்ளேயே இருக்கின்றன. முன்கதவுகளில் காம்போனன்ட் செட் (உச்ச ஒலிக்கு ட்வீட்டர், கீழ் ஒலிக்கு வூஃபர் என்று தனித்தனி ஸ்பீக்கர்), டிக்கியில் சப்வூஃபர், ஆம்ப் போடப்போகிறேன். ஸ்பீக்கர் ஒயரின் சிக்னலை ஆம்புக்கு ஏற்ற அளவுக்குக் குறைத்துத் தரும் லைன் அவுட் கன்வெர்ட்டரே போதும் என்கிறார் கடைக்காரர். ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் டி.எஸ்.பி. (டிஜிட்டல் சிக்னல் பிராசஸர்) இல்லாமல் ஆம்பைத் தொடாதே என்கிறார் நண்பர். எதை வாங்குவது? (கோவை வாசகர்)

பதில்: ஸ்டீரியோவை அளந்து பார்க்காமல் இருவருமே சொல்ல முடியாது. வாங்கும் முன் அரை மணி நேரம் செலவழியுங்கள். ஒரே லெவலில் பதிவான 60 ஹெர்ட்ஸ், 400 ஹெர்ட்ஸ் டோன்களைப் பென் டிரைவில் ஏற்றுங்கள். பாஸ், ட்ரெபிள் பூஜ்யத்தில் இருக்கட்டும். ஒரு கதவு ஸ்பீக்கரின் இரண்டு ஒயருக்கும் நடுவே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, வால்யூமைப் படிப்படியாக ஏற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம். மலிவு மீட்டர்கள் 400-ஐத் தாண்டினால் தப்பாகக் காட்டும்.

உதாரணத்துக்கு, வால்யூம் 12-ல் 60 ஹெர்ட்ஸுக்கு 1.2 வோல்ட், 400-க்கு 0.8 வோல்ட் வருகிறது. 30-ல் முதலாவது 4, அடுத்தது 6 என்று தலைகீழாகிவிடுகிறது. அப்படியென்றால் சின்ன ஸ்பீக்கர் கிழியாமலிருக்க, சத்தம் கூடக் கூட ஸ்டீரியோ பாஸை வெட்டுகிறது. இதில் வெறும் கன்வெர்ட்டரை மாட்டினால் மெதுவாகக் கேட்கும்போது சப்வூஃபர் கும்மென்று இருக்கும், சத்தம் வைத்தால் காய்ந்துபோகும். இரண்டு டோன்களின் விகிதம் எல்லா வால்யூமிலும் மாறாமல் ஒன்றுக்குப் பக்கத்திலேயே நின்றால் கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை. ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் ஒயரை நேராக ஏற்கும் இணைப்பு) உள்ள ஆம்ப் என்றால் அந்தக் கன்வெர்ட்டரும் வேண்டாம்.

விகிதம் மாறுகிறது என்றால் டி.எஸ்.பி.தான். ஆனால் அதன் ஈக்வலைசரும் ஒரு வால்யூமுக்குத்தான் சரிசெய்யும். ஸ்டீரியோவைச் சிதைவு வராத ஒரு வால்யூமில், உதாரணத்துக்கு 24-ல், நிறுத்தி அங்கேயே ட்யூன் செய்துவிட்டு, பிறகு டி.எஸ்.பி.யின் ரிமோட் குமிழில் சத்தத்தைக் கூட்டிக் குறையுங்கள். ஸ்டீரிங் பட்டன் வீணாகும், வேறு வழியில்லை. அதனால் ரிமோட் குமிழ் இல்லாத மாடலைத் தொடவே வேண்டாம்.

அவுட்புட் எத்தனை? இரண்டு ட்வீட்டர், இரண்டு கதவு வூஃபர், ஒரு சப்: ஐந்து. ஆறு சேனல் குறைந்தபட்சம். பின்கதவும் வேண்டுமென்றால் எட்டு. ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் தனி பாராமெட்ரிக் ஈக்வலைசர் (வேண்டிய ஹெர்ட்ஸைத் தேர்ந்து ஏற்றி இறக்கும் வசதி), தனி டிலே (ஒலியைத் தாமதப்படுத்தும் வசதி) இருக்க வேண்டும். வண்டியில் தனி ஆம்ப் இருந்து, ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் பிரித்தே ஒயர் போகிறது என்றால் இரண்டையும் திரும்பச் சேர்க்கும் சம்மிங் வசதியும் தேவை. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வாட் தரும் ஸ்டீரியோவின் ஒயரில் 9 வோல்ட் வரும். இன்புட் அதைத் தாங்குமா என்று பாருங்கள்.

கவனம்: ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர் எர்த் அல்ல. இரண்டு ஒயரிலுமே பாடியை ஒப்பிட்டால் ஏறக்குறைய 6 வோல்ட் டிசி நிற்கும். மைனஸைப் பாடியில் தட்டினாலோ, இரண்டு பக்க மைனஸையும் உள்ளே ஒன்றாக இணைக்கும் மலிவு கன்வெர்ட்டரைப் போட்டாலோ ஸ்டீரியோவின் அவுட்புட் ஐ.சி. போய்விடும். அந்த 6 வோல்ட்டை மோப்பம் பிடித்துத் தானாக ஆன் ஆகும் டி.எஸ்.பி.களும் உண்டு, தனி ரிமோட் ஒயர் இழுக்கும் வேலை மிச்சம்.

கேள்வி: டி.எஸ்.பி. மாட்டியாயிற்று. பாடகர் குரல் வலது கதவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிலேயை எப்படிக் கணக்கிடுவது? (மதுரை வாசகர்)

பதில்: டேப்பை டிரைவர் சீட் ஹெட்ரெஸ்டில், காது இருக்கும் இடத்தில் பிடித்து ஒவ்வொரு ஸ்பீக்கர் வரை அளந்துகொள்ளுங்கள். டிக்கி சப் 190 செ.மீ., இடது கதவு 140, இடது ட்வீட்டர் 130, வலது கதவு 95, வலது ட்வீட்டர் 85 என்று வைப்போம். தூரமானதற்கு டிலே பூஜ்யம். மற்றதற்கெல்லாம் 190-லிருந்து அதன் தூரத்தைக் கழித்து 34.5-ஆல் வகுத்தால் மில்லிசெகண்ட் கிடைக்கும்: இடது கதவு 1.45, இடது ட்வீட்டர் 1.74, வலது கதவு 2.75, வலது ட்வீட்டர் 3.04. குரல் டேஷ்போர்டு நடுவுக்கு வந்துவிடும்.

சப்புக்கு மட்டும் டேப் கணக்கு அப்படியே பொருந்தாது. எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஹெர்ட்ஸ் போக வேண்டும் என்று பிரிக்கும் கிராஸோவர் ஃபில்டரே கொஞ்சம் தாமதம் சேர்க்கிறது. 80 ஹெர்ட்ஸ் டோன் ஓடும்போது சப்பின் போலாரிட்டியை (பிளஸ், மைனஸ் திசையை) மாற்றிப் பாருங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதை வையுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இந்த செட்டிங் கேவலமாகக் கேட்கும், இரண்டாவது பிரீசெட்டில் (சேமித்துவைக்கும் செட்டிங்கில்) டிலே இல்லாமல் ஒன்று சேமித்துவிடுங்கள். ட்வீட்டரோடு 33 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்றைத் தொடரில் போடுவதும் நல்லது. 4 ஓமில் அது 1,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும், உங்கள் 3,000 ஹெர்ட்ஸ் கிராஸோவரை அவ்வளவாகப் பாதிக்காது. தப்பான பிரீசெட் ஏறினால் காயில் கருகாது.

கேள்வி: ஸ்பீக்கர் ஒயரை டி.எஸ்.பி.க்குத் திருப்பியதும் ஸ்டீரியோ ஊமையாகிவிட்டது. ஏன்? (சேலம் வாசகர்)

பதில்: ஸ்பீக்கர் இல்லையென்று அது நினைக்கிறது. ஒவ்வொரு ஜோடி ஒயருக்கும் குறுக்கே 47 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். சூடாகும், பிளாஸ்டிக்கிலும் கார்பெட்டிலும் படாமல் கட்டுங்கள்.