ஆறு மாத அல்ட்ராசவுண்ட் கோர்ஸில் சேர்க்கலாமா?

மன்னார்குடி பக்கத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

சின்னவனுக்குச் சிறுநீர்ப் பாதையில் அடைப்பா என்று பார்க்க அலைந்தபோது கூடவே வந்த உங்கள் பெண், தானும் ஸ்கேன் எடுக்கும் வேலைக்குப் படிக்க ஆசைப்படுகிறாள். நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஆறு மாத அல்ட்ராசவுண்ட் கோர்ஸுக்கு முன்பணம் கட்டாதீர்கள். கருவின் பாலினத்தைக் காட்டிவிடும் கருவி அது; 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கையாளத் தகுதியுள்ள டாக்டர் வேண்டும். சான்றிதழை வைத்துக்கொண்டு அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

தம்பிக்கு அடுத்து எடுத்தார்களே ரெனோகிராம், அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் எப்படி வடிகிறது என்று பார்க்கும் ஸ்கேன், அதில்தான் அவளுக்கு வேலை இருக்கிறது. சிறுநீரகம் வீங்கியிருப்பதை அல்ட்ராசவுண்ட் காட்டிவிடும். வீங்கியதெல்லாம் அடைப்பு இல்லையே! வாய்க்காலில் தண்ணீர் நிற்கிறது என்றால், மேலே இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு வடிகிறதா என்று பார்ப்பீர்கள் அல்லவா? சிறுநீரை அதிகமாகச் சுரக்க வைக்கும் லாசிக்ஸ் ஊசி போடுவது அதற்குத்தான். டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்து சிறுநீரகத்தில் சேர்ந்து இறங்குவதை, அதன் கதிர்களைப் பிடிக்கும் காமா கேமரா கோடாக வரையும். ஊசிக்குப் பிறகு 10 நிமிடத்துக்குள் பாதி வடிந்தால் நிம்மதி. 20 நிமிடம் தாண்டியும் பாதி வடியாவிட்டால் அடைப்போ என்ற சந்தேகம் வலுக்கும். மூத்திரப்பை நிறைந்திருந்தாலே வடிவது தாமதமாகும். அதனால் பிள்ளையைச் சிறுநீர் கழிக்க வைத்து, கொஞ்சம் நிமிர்த்தி வைத்து, இன்னொரு படம் எடுப்பார்கள்.

இத்தனைக்கும் நடுவில் மூன்று வயதுப் பிள்ளை கையில் டிரிப்போடு அரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். அசைந்தால் கோடு கெட்டுவிடும். மெஷினைப் பழகிவிடலாம், அழுகிற பிள்ளையைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அதில் உங்கள் பெண் எப்படி என்பது உங்களுக்கே தெரியும்.

கதிர்வீச்சு பயம் புரிகிறது. டெக்னீஷியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். பணியாளர்கள் உடம்பில் எவ்வளவு பட்டது என்று கணக்கிட டிஎல்டி பேட்ஜ் மாட்டிக்கொள்வார்கள்.

சரி, எதில் சேர்ப்பது? ரெனோகிராம் மாதிரி கதிரியக்க மருந்து கொடுத்து எடுக்கும் ஸ்கேன்களுக்கான நியூக்ளியர் மெடிசின் படித்தால் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும், காமா கேமரா இருக்கும் இடங்கள் குறைவு. ரேடியோகிராபி பி.எஸ்சி. என்றால் கும்பகோணம், திருவாரூர் மாதிரி ஊர்களிலும் எக்ஸ்ரே, சிடி வேலை கிடைக்கும். அவளைத் தூரமாக அனுப்பத் தயங்குகிறீர்கள் என்பதால் இதையே சொல்வேன். எதுவானாலும் கல்லூரியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் படிப்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கிறதா என்பது. வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி என்றால், அந்தச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.