முதல் மலைநடைக்கு மூட்டை கட்டுவது எப்படி?

கேள்வி: அன்புள்ள அக்கா, ஜூலை குளிர்கால விடுமுறையில் நானும் மூன்று தோழிகளும் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையில் ஜயன்ட்ஸ் கப் பாதையில் ஐந்து நாள் நடக்கப் போகிறோம். எனக்கு இதுதான் முதல் தடவை. அண்ணனுடைய 75 லிட்டர் பையில் ஜீன்ஸ், ஹூடி, பெரிய துண்டு, ஷாம்பூ எல்லாம் வைத்தேன். வாய்வரை நிறைந்துவிட்டது. முதுகில் மாட்டினால் நிற்கவே முடியவில்லை. எதை எடுக்க, எதை விட?
கல்லூரி மாணவி, சாட்ஸ்வொர்த்

பதில்: தங்கச்சி, அந்தப் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டு. சமையலறைத் தராசை எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்து எழுது. உன் எடை 55 கிலோ என்றால் உணவும் தண்ணீரும் சேர்த்து 11 கிலோவுக்கு மேல் உன் முதுகில் ஏறக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ என்பதை மறக்காதே.

அண்ணன் பையை அண்ணனிடமே கொடுத்துவிடு. பை பெரிதாக இருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது திணிக்கும். சானி கணவாய் அடிவாரத்திலிருந்து புஷ்மன்ஸ் நெக் வரை சுமார் 60 கிலோமீட்டர் உள்ள இந்தப் பாதையில் இரவு தங்கக் குடில்கள் உண்டு. உள்ளே கட்டிலும் மெத்தையும் இருக்கும். ஆகவே கூடாரமும் பாயும் சுமக்க வேண்டாம், 50 லிட்டர் பை தாராளம். முன்பதிவு செய்யும்போது எல்லாக் குடில்களும் திறந்திருக்கின்றனவா என்று, இந்த மலைக் காப்பகத்தை நிர்வகிக்கிற எஸெம்வெலோ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

பை வாங்கினாலும் இரவல் வாங்கினாலும் உள்ளே எட்டுக் கிலோ அரிசி மூட்டை வைத்துப் போட்டுப் பார். முதலில் இடுப்புப் பட்டை. அது வயிற்றில் அல்ல, கையை இடுப்பில் ஊன்றினால் தட்டுப்படுகிறதே அந்த எலும்பின் மேல் உட்கார வேண்டும். அதை இறுக்கிய பிறகுதான் தோள்பட்டை வார்களை இழுக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் பாரத்தின் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கி, தோள் லேசாகிவிடும். அப்படியும் தோளே வலித்தால் முதுகின் நீளத்துக்கு அந்தப் பை பொருந்தவில்லை என்று பொருள்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். நான் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். டர்பனில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் குளிர் என்றால் ஜூலை மாதத்து ராத்திரியில் ஒரு போர்வை கூடுதலாகப் போடுவது, அவ்வளவுதான். மேலே அப்படி இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். ஜூலை இரவில் குடில் வாசலில் தண்ணீர் உறையும். அந்த மாதத்தில் மழை அபூர்வம்தான், ஆனால் தெற்கிலிருந்து ஒரு குளிர் அலை வந்தால் பனியே கொட்டும். நனைந்த உடம்பில் காற்று அடித்தால், உறைநிலைக்கு மேலேயே உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம் என்று வரிசையாக வரும். பசி ஒரு நாள் தாங்கும், குளிர் ஒரு ராத்திரி தாங்காது.

அதனால் ஜீன்ஸும் பருத்தி ஹூடியும் வீட்டிலேயே இருக்கட்டும். பருத்தி நனைந்தால் சூடு தராது, லேசில் காயவும் காயாது. உடம்போடு ஒட்டி ஒரு மெல்லிய பாலியெஸ்டர் அல்லது கம்பளிச் சட்டை, அதன் மேல் ஃப்ளீஸ் (கம்பளி போன்ற செயற்கை இழை மேல்சட்டை), அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். கம்பளித் தொப்பி, கையுறை. இவற்றில் ஒன்றையும் எடை பார்த்துக் கழிக்காதே. நடக்க ஒரு செட், இரவுக்கு ஒரு செட், மூன்றாவது எதற்கு? நாலு பேரும் ஒரே மாதிரிதான் வியர்க்கப் போகிறீர்கள். ஷாம்பூவும் வேண்டாம்.

தூக்கப் பை (ஸ்லீப்பிங் பேக்) வாங்கும்போது அட்டையில் மூன்று வெப்ப அளவுகள் போட்டிருக்கும். பெரிய எழுத்தில் இருக்கிற 'எக்ஸ்ட்ரீம்' அளவைப் பார்த்து ஏமாறாதே. அது உயிர் தப்புவதற்கான அளவு, தூங்குவதற்கானது அல்ல. பெண்களுக்கு 'கம்ஃபர்ட்' அளவுதான் கணக்கு. அது பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்.

அடுக்கும் முறை இதுதான். பைக்குள் தடித்த குப்பைப் பை ஒன்றை விரி. அடியில் தூக்கப் பையும் இரவு உடுப்பும். குப்பைப் பையின் வாயைக் காற்றை வெளியேற்றி முறுக்கி, மடித்து, ரப்பர் வளையம் போடு. வெளியே மாட்டுகிற மழை உறையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும், இது போகாது. அதற்கு மேல், முதுகை ஒட்டினாற்போல் உணவும் மற்ற கனமான சாமான்களும். ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் மேலே, கை நீட்டினால் வருகிற மாதிரி.

மாதவிலக்கு நாளாக இருந்தால் என்ன செய்வது என்று நீ கேட்கவில்லை, கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். தேதி தள்ளியிருந்தாலும் பேட் எடுத்துக்கொள். பயன்படுத்தியதைப் போட இரண்டு ஜிப் பை, இறுக்கி மூடித் திரும்பக் கொண்டுவா. கழிப்பறையில் போடவே கூடாது.

கிளம்பும் இடத்தில் மலைப் பதிவேட்டில் பெயரும் திரும்பும் தேதியும் எழுதுங்கள். அதே விவரத்தை அம்மாவிடமும் ஒரு தாளில் கொடு. மேலே ஃபோன் சிக்னலை நம்ப முடியாது.

கேள்வி: நாங்கள் சைவம். 17 வயது மகன் நண்பர்களோடு அதே மலைக்குப் போகிறான். அரிசி, பருப்பு, சின்ன குக்கர் கொடுத்தனுப்பலாமா?
ஒரு தாய், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: குக்கர் வேண்டாம் அம்மா, கனம். குக்கர் இல்லாமல் துவரம் பருப்பும் லேசில் வேகாது. 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் பருப்பு வேக வெகு நேரமாகும், அடுப்பு வாயுதான் தீரும். விறகு மூட்டவும் அங்கே அனுமதி இல்லை.

அவல் கொடுங்கள், வெந்நீர் ஊற்றி மூடினால் முடிந்தது. ரவையைக் கடுகு, கறிவேப்பிலை, மிளகாய் தாளித்து வீட்டிலேயே வறுத்து, உப்பும் சேர்த்து, ஒரு வேளைக்கு ஒரு பையாகக் கட்டுங்கள். கூஸ்கூஸில் (ரவை மாதிரியான கோதுமைக் குருணை) வெந்நீர் ஊற்றி உங்கள் புளிக்காய்ச்சலைக் கிளறினால் பையன் நண்பர்களுக்குக் கொடுக்காமலே தின்பான். முதல் நாளுக்கு ரொட்டியும் ஆச்சாரும். நடுவில் கொறிக்க வறுத்த நிலக்கடலை, பேரீச்சம்பழம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 கிராம் உலர் உணவு என்று கணக்கு வையுங்கள்.

அடுப்பு வாயு வாங்கும்போது வெறும் பியூட்டேன் குப்பி வேண்டாம். உறைநிலையில் அது ஆவியாகாது, காலையில் அடுப்பு பற்றாது. புரொப்பேன் கலந்தது கிடைக்கும். ராத்திரியில் குப்பியைத் தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குடில் ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போகக் கூடாது, பபூன் குரங்கு உள்ளே வந்து எல்லாவற்றையும் அள்ளிவிடும்.

கேள்வி: புது பூட்ஸ் வாங்கக் காசில்லை. டாக்கி (சாதாரண விளையாட்டு ஷூ) போட்டு நடக்கலாமா?
வாசகர், டோங்காட்

பதில்: அடிப்பாகம் தேயாமல், பிடிமானத்தோடு இருந்தால் நடக்கலாம். நடைக்கு முந்தின நாள் வாங்கிய பூட்ஸைவிடக் காலுக்குப் பழகிய டாக்கி எவ்வளவோ மேல். மிச்சமாகும் காசில் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை வாங்குங்கள். கால் நகங்களை இரண்டு நாள் முன்னாலேயே வெட்டிவிடுங்கள். குதிகாலில் சுருக்கென்று எரிந்த உடனே நின்று, காலுறையைக் கழற்றி, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.